பெயரில் நிற்கும் குதிரை

ஒரு சமுதாயத்தின் பழைமையை ஏடுகளில் தேடுவோர் உண்டு. கல்வெட்டுகளில் தேடுவோரும் உண்டு. அரபியும் தமிழும் கற்பித்துக் காலம் கழிப்பவனாகிய எனக்கு அதைச் சொற்களில் தேடுவதே வழக்கம். நம் இல்லங்களுக்கு வரும் திருமண அழைப்பிதழ்களில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மணமகனின் பாட்டனார் பெயரை அடுத்தும், மணமகளின் தகப்பனார் பெயரை அடுத்தும் ‘இராவுத்தர்’ என்னும் சொல் தலைநிமிர்ந்து நிற்கும். குதிரை வீரன் என்பது அச்சொல்லின் பொருள். குதிரை வணிகத்தாலும் குதிரைப் பயிற்சியாலும் பெயர் பெற்ற முஸ்லிம்களுக்குத் தமிழகத்தில் அது பட்டப்பெயராக அமைந்தது. எனினும், அழைப்பிதழைக் கொடுத்தவர், பெற்றவர் ஆகிய இருவரில் எவரேனும் ஒரு குதிரையின் பிடரியைத் தம் கையால் தடவிக் கொடுத்ததுண்டா என்று கேட்டால், ஆம் என்னும் விடை கிடைப்பது அரிது. குதிரை நம் பெயரில் நிற்கிறது, வாசலில் நிற்கவில்லை.

வாசலில் இல்லாமற் போனது காலத்தின் போக்கு. பேருந்தும் ஆட்டோவும் வந்த பின்னர்க் குதிரைக்கு வேலை குறைந்தது. அதற்காகக் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. குதிரை போனபோது அதனோடு சேர்ந்து வேறு ஏதேனும் நம்மைவிட்டுப் போயிற்றா என்பதே என் கேள்வி.

நான் வாழும் திருவண்ணாமலையில் குதிரையை முற்றாக மறந்துவிட இயலாது. கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டி இங்கே கால்நடைச் சந்தை கூடுவது நெடுநாளைய வழக்கம். மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வரும். கோயில் விழாவை ஒட்டியதாயினும் சந்தை சந்தையே. வாங்குவோர், விற்போர், தரகர், லாடம் அடிப்போர் எனப் பல சமயத்தாரும் அங்கே கலந்து நிற்பர்.

ஊரின் இலக்கியத்திலும் குளம்பொலி கேட்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இவ்வூரில் அருளினார் என்பது சைவ மரபு. பாண்டியனின் அமைச்சராயிருந்த அவர் குதிரை வாங்குவதற்கெனப் பொருளுடன் அனுப்பப்பட்டவர் என்பதும், நரிகள் பரிகளான கதையும் தமிழ்ப் பிள்ளைகள் அறிந்தவையே. 15ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த அருணகிரிநாதரோ, தம் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனையே ‘இராவுத்தன்’ என்று விளித்துவிட்டார். தாம் வணங்கும் தெய்வத்தை அழைக்க ஒரு புலவர் தேர்ந்தெடுத்த சொல், அக்காலத்து மக்களின் செவிக்கு எத்துணை மதிப்புடையதாக இருந்திருக்க வேண்டும்!

இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் செஞ்சிக் கோட்டை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த தேசிங்குராசனையும், மணக்கோலத்தைக் களைந்து களம் புகுந்து நண்பனுக்காக உயிர் துறந்த மகமத்கானையும் கதைப்பாடல் இன்றும் வாழவைத்திருக்கிறது. மன்னன் ஏறியது பாராசாரி. தோழன் ஏறியது நீலவேணி. மனிதரின் பெயரோடு அவர்களைச் சுமந்த விலங்குகளின் பெயரையும் நம் மக்கள் காத்து வைத்திருக்கிறார்கள் என்பது கருதத்தக்கது.

இந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன? சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் அவ்வணிகம் பெருகியது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவற்றுள் அதன் கணக்கு இருக்கிறது. பாரசீக வளைகுடாவிலுள்ள கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபர் என்று அரபியர் அழைத்த நம் கரைக்கு அனுப்பினார். ஒவ்வொன்றின் விலையும் 220 பொன் தீனார். வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியனின் கருவூலம் விலை கொடுத்தாக வேண்டும் என்பது உடன்பாடு. அவருடைய உடன்பிறந்தாராகிய தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னனின் அமைச்சராக விளங்கினார். காயல் முதலிய துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

இவ்வளவையும் நம் மேடைகளில் பெருமிதத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். பெருமிதம் கொள்ளத்தக்கதே. ஆனால் அந்த நூலில் அடுத்து வருவதை எவரும் மேடையில் சொல்லக் கேட்டதில்லை. இங்கு வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியத்தை நெய்யிற் புரட்டிக் கொடுத்தார்கள். காய்ச்சிய பாலைக் குடிக்க வைத்தார்கள். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க விட்டார்கள். பின்னர்ப் பயிற்சியின்றி ஏறி வெறிகொண்டவர்போல் விரட்டினார்கள். வலிய குதிரையும் விரைவில் வலுவிழந்து ஒன்றுக்கும் உதவாததாயிற்று என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் அதையே வேறு வகையாகச் சொல்கிறார். ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்கப்படும் குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லையாம். பேணத் தெரிந்தவரும் லாடம் அடிக்கத் தெரிந்தவரும் இங்கில்லையாம். அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். பழைய குதிரை இறந்தால்தானே புதிய குதிரை விலைபோகும்!

அயல்நாட்டார் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் இருவர் தனித்தனியே ஒரு குறையைச் சுட்டும்போது செவி கொடுப்பதே முறை. நம் பட்டப்பெயரின் பொன்னொளிக்குப் பின்னே, பெயரற்று இறந்த ஆயிரக்கணக்கான வாயில்லாச் சீவன்கள் இருக்கின்றன.

அரபு மொழி இதை முன்னரே உணர்ந்ததுபோல் தோன்றும். குதிரைக் கூட்டத்தைக் குறிக்கும் ‘கைல்’ என்னும் சொல்லையும், செருக்கைக் குறிக்கும் ‘குயலா’ என்னும் சொல்லையும் பழைய அகராதியார் ஒரே வேரில் வைப்பர். குதிரை ஒருவனுக்கு நன்மையாகும், ஒருவனுக்கு மறைப்பாகும், ஒருவனுக்குச் சுமையாகும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாகுபடுத்தினார்கள். பெருமைக்காகவும் பிறர் காண்பதற்காகவும் கட்டிவைத்தவனுக்கே அது சுமை. குதிரைக்குச் சொன்னது குதிரைப் பட்டத்துக்கும் பொருந்தாதா?

பெருமானார் அவர்களின் வாழ்வில் குதிரை பெற்ற இடத்தை எண்ணிப் பாருங்கள். மதீனாவில் அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்று மெலிந்து இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை நெடுந்தொலைவு. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவு. இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் பங்கேற்றார்கள். ஏறுபவனின் ஆசையை அளவாகக் கொள்ளாமல் குதிரையின் ஆற்றலை அளவாகக் கொண்டு தொலைவை வகுத்த நயத்தை நோக்குங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே சிறகு முளைத்த குதிரையொன்று இருந்ததையும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுண்டு என்று அவர்கள் கூற, அண்ணலார் வாய்விட்டுச் சிரித்ததையும் நாம் அறிவோம். குதிரை அந்த வீட்டில் போர்க்கருவியாக மட்டும் இருந்ததில்லை.

குழந்தைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்னும் வாசகம் நபிமொழியாக நம்மிடையே வழங்குகிறது. அதை உமர் (ரலி) அவர்களின் வாக்காகக் கொள்வதே பொருத்தம். யார் வாக்காயினும், கற்பிக்கச் சொன்னவர்கள் ஏறுவதற்கு மட்டும் கற்பிக்கச் சொல்லவில்லை என்பதை நான் ஓர் எழுத்தறியா மனிதரிடம் கண்டேன்.

அவர் என் பெரியத்தா. என் அத்தாவின் தமையனார். 1970களில், நான் பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில், இவ்வூரில் ஜட்கா ஓட்டினார். புகைவண்டி நிலையத்திலிருந்து ஊருக்குள் ஆள் ஏற்றி வருவார். பாரம் முன்னும் பின்னும் சமமாக அமையும் வரை வண்டியை நகர்த்தமாட்டார். “முன்னே தள்ளி உட்காருங்கம்மா, குதிரைக்குக் கழுத்து தூக்குது” என்பார். சாட்டை குதிரையின் முதுகில் விழுந்து நான் கண்டதில்லை. அதன் கட்டையைச் சுழலும் சக்கரத்தில் வைத்துக் கடகடவென்று ஒலியெழுப்புவார். குதிரை அதைக் கேட்டு விரையும். இரவு வீடு திரும்பினால் முதலில் குதிரையை அவிழ்ப்பார். வியர்வையை வைக்கோற்புரியால் துடைப்பார். ஆறவிட்டுத் தண்ணீர் காட்டுவார். ஊறிய கொள்ளை வைப்பார். அதன் பின்னரே தாம் கைகால் கழுவித் தொழுகைக்கு நிற்பார். அதன் பின்னரே சோறு. “தொழுதுவிட்டு வந்து அவிழ்த்தால் என்ன அண்ணே?” என்று என் அத்தா ஒருநாள் கேட்டார். “அதுக்கு வாயிருந்தா அல்லாகிட்ட என்னைப் பத்திச் சொல்லிடும்டா” என்றார் அவர்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஹதீஸ் வகுப்பில் ஒரு செய்தி வந்தது. பயணத்தில் ஓரிடத்தில் இறங்கினால், வாகன விலங்குகளின் சேணங்களையும் சுமைகளையும் இறக்கும் வரை தாங்கள் உபரித் தொழுகையில் ஈடுபடுவதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உஸ்தாத் அதன் இலக்கணத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். என் கண்முன் பெரியத்தாவின் கொட்டில் நின்றது. கிதாபைத் தொடாத அம்மனிதர் கிதாபிலுள்ளதைச் செய்து முடித்திருந்தார்.

அந்தப் பெரியத்தாவின் மகளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்து, கூடும் தறுவாயில் கலைந்தது. “ஜட்காக்காரன் வீட்டில் பெண் எடுப்பதா?” என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் தங்கள் மகனுக்கு வேறிடத்தில் மணம் முடித்தபோது அச்சிட்ட அழைப்பிதழில் இராவுத்தர் பட்டம் தடித்த எழுத்தில் இருந்தது. குதிரை முன்னோரின் கதையில் இருந்தால் பெருமை. உறவினரின் கொட்டிலில் இருந்தால் இழிவு! பெரியத்தா அந்த அழைப்பிதழை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார், படித்தேன். ஒன்றும் கூறாமல் எழுந்து கொட்டிலுக்குச் சென்றுவிட்டார்.

இவற்றையெல்லாம் மீண்டும் நினைக்கவைத்தவள் பிரான்சில் வாழும் என் தங்கை மகள். காரைக்காலில் வாழ்க்கைப்பட்டுக் கணவரோடு பாரிஸ் நகரையடுத்துக் குடியேறியவள். கடந்த கோடை விடுமுறையில் அவளும் கணவரும் இரு பிள்ளைகளும் நடுப் பிரான்சின் ஓவெர்ன் மலைநாட்டில் ஐந்து நாள் குதிரைப் பயணம் சென்று வந்தார்களாம். அணைந்துபோன எரிமலைகள் பசும்புல் போர்த்திக் கிடக்கும் பகுதி அது. சிற்றூர்ப் பாதைகளில் பகலெல்லாம் மெல்ல நடந்து, மாலையில் பண்ணைவீடுகளில் தங்கிச் செல்லும் இத்தகைய பயணங்கள் அந்நாட்டில் குடும்பங்களின் பொழுதுபோக்கு. தொலைபேசியில் அவள் வியந்து கூறியது மலையழகை அன்று.

“மாமா, முதல் நாள் காலையில் எங்களை ஏறவே விடவில்லை. தேய்த்துவிடச் சொன்னார்கள், குளம்பில் சிக்கிய மண்ணையும் கல்லையும் எடுக்கச் சொன்னார்கள், சேணத்துக்கடியில் துணி மடிந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். செங்குத்தான இறக்கம் வந்தால் எல்லாரும் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நண்பகலில் அதற்குத் தீனி வைத்த பிறகுதான் நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெரியத்தாவின் குரலே கேட்டது. பிரெஞ்சு மரபுக் குதிரையேற்றத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2011இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. வலிந்து அடக்காமல், விலங்கின் உடலையும் மனநிலையையும் மதித்து இசைவோடு செலுத்துவதே அக்கலையின் உயிர் என்பது அதற்குக் காட்டப்பட்ட சிறப்பு. அதே ஒழுக்கம் இவ்வூர்ச் சந்தில் ஒரு கொட்டிலில் இருந்தது. அதற்குப் பட்டியலும் இல்லை, பட்டமும் இல்லை, பெண் கொடுக்க எடுக்க ஆளும் இல்லை.

அவ்வாண்டுத் தீபச் சந்தைக்குப் பத்து வயதுப் பேத்தியையும் என் துணைவியாரையும் அழைத்துச் சென்றேன். காதுகளின் நுனி உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகளும், நாட்டுக் குதிரைகளும், குள்ளமான மட்டக் குதிரைகளும் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. வாங்க வந்தோர் பல்லைப் பிடித்து வயது பார்த்தனர். உடலின் சுழிகளை எண்ணி இராசி பார்த்தனர். ஓரத்தில் ஒருவர் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“நன்னா, நானும் ஏறட்டுமா?” என்றாள் பேத்தி.

“பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க?” என்றார் துணைவியார்.

ஒட்டகமேறும் பெண்களுள் குறைஷியர் குலப் பெண்களை அண்ணலார் (ஸல்) சிறப்பித்துப் பேசியதை நினைவூட்டினேன். ஏறுவது குற்றமாயின் அவ்வாறு அடையாளம் சொல்லிப் பாராட்டியிருப்பார்களா? அவர் மறுமொழி சொல்லவில்லை. பேத்தி அந்தக் குதிரையிடம் ஓடினாள், ஓடியவள் நின்றுவிட்டாள். சேணத்தின் ஓரத்தில், முதுகில், உள்ளங்கையளவு புண். அதில் ஈ மொய்த்தது.

“இதுக்கு வலிக்கும், நன்னா.”

குதிரைக்காரர் இளைஞர்; முகத்தில் களைப்பு. “அது பழைய புண்ணுங்க. சவாரி கொடுத்தாத்தான் ராத்திரிக்கு இதுக்கே கொள்ளு வாங்க முடியும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஏறினால் விலங்குக்கு நோவு. ஏறாமற் போனால் விலங்குக்கும் மனிதருக்கும் பசி. அறநூல்களைக் கற்றவனாயினும் அந்த இடத்தில் உடனே விடை தோன்றவில்லை. விடையைச் சொன்னவள் பேத்திதான். “காசைக் கொடுங்க நன்னா. நான் ஏறலை, கூட நடக்கறேன்” என்றாள். நான்கு சவாரிக்கான பணத்தைக் கொடுத்து, சேணத்தை இறக்கச் சொன்னேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னே நடக்க, வெறும் முதுகோடு குதிரை பின்னே நடந்தது. பார்த்தவர் சிலர் நகைத்தனர். சுற்று முடிந்தபோது இளைஞர் புண்ணின்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

இதைக் கண்டுகொண்டிருந்த முதிய வியாபாரி ஒருவர், நன்கு பேணப்பட்ட தம் பெட்டைக் குதிரையை அவிழ்த்து வந்தார். “பாப்பா, இடப்பக்கமா வந்து நில்லு. முதல்ல அது உன்னை மோந்து பார்க்கட்டும்” என்றார். அது மோந்தது. அவள் அங்கவடியில் கால் வைத்து ஏறினாள். முதியவர் கயிற்றைப் பிடித்தபடி ஒரு சுற்று நடத்தி வந்தார். மலை பின்னே நிற்க, அவள் அசையாமல் அமர்ந்திருந்தாள். இறங்கியதும் சொல்லித்தராமலே அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தாள். வீடு திரும்பும் வழியில் துணைவியார் மெல்லக் கேட்டார்: “முதுகு எவ்வளவு நேரா இருந்துச்சு, பார்த்தீங்களா?”

திருமறையின் 100ஆம் அத்தியாயம் ‘ஆதியாத்’. மூச்சிரைக்க ஓடி, குளம்பால் தீப்பொறி எழுப்பி, விடியலில் பாயும் குதிரைகள்மீது இறைவன் ஆணையிடுகிறான். ஆணையிட்ட பின் சொல்வதோ மனிதனைப் பற்றி: அவன் தன் இறைவனுக்கு நன்றி மறந்தவன் என்று. ஒரு பிடி தீனி தந்தவனுக்காகத் தன்னை ஈயும் குதிரையையும், எல்லாம் தந்தவனை மறக்கும் மனிதனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் இடம் அது என விரிவுரையாளர் விளக்குவர். நன்றியின் பாடத்தைக் குதிரையிடமிருந்து கற்கச் சொன்ன மார்க்கத்தில், குதிரைக்கே நன்றி மறத்தல் தகுமா?

பிரான்சின் மலைநாட்டுக்கு நம்மில் எல்லாரும் செல்வதற்கில்லை. ஆனால் விடுமுறை வந்தால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு செல்கிறோம். சென்னைக் கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையேற்றிப் படம் எடுத்துக்கொள்கிறோம். இனி ஏற்றுமுன் பிள்ளையின் கையைப் பிடித்துக் குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். முதுகைப் பாருங்கள், வாயோரத்தில் கடிவாளம் அறுத்திருக்கிறதா என்று பாருங்கள், கால் தாங்கி நடக்கிறதா என்று பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் மகனையும் ஏற்றுங்கள், மகளையும் ஏற்றுங்கள். நோயுற்றிருந்தால் பணத்தைக் கொடுத்து அதற்கு ஓய்வை வாங்குங்கள். குதிரை வைத்துப் பிழைப்பவர் உங்கள் உறவாயின், அவர் வீட்டுச் சம்பந்தத்தைப் பெருமையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அழைப்பிதழில் இராவுத்தர் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.